எந்த வீட்டை எழுதுவது?



தவணை தொடங்கும் முதல் வாரத்தில் வகுப்பாசிரியர்கள் எல்லாருக்கும் வாய்க்கும் வேலை ஒன்று உண்டு. மாணவர் விவரப் படிவத்தை நிரப்பச் செய்து, சரிபார்த்து, அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டும். பெயர், பிறப்புச் சான்றிதழ் எண், பெற்றோர் தொழில், வீட்டு முகவரி, தொலைபேசி எண். பத்து நிமிடத்தில் முடியக்கூடிய வேலைதான். ஆயினும் ஆண்டுதோறும் யாராவது ஒரு பிள்ளை ஏதாவது ஒரு கட்டத்தில் நின்றுவிடும்.

இம்முறை நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன் முகவரிக் கட்டத்தை வெறுமையாக விட்டுவிட்டு அமர்ந்திருந்தான். மறந்துவிட்டான் போலும் என்றெண்ணி அருகில் சென்று கேட்டேன். அவன் தலை நிமிராமல், "எந்த வீட்ட எழுதுறது, டீச்சர்?" என்றான்.

விசாரித்தபோது தெரிந்தது. விடுமுறையில் இருந்த வாடகை வீட்டைக் காலி செய்திருக்கிறார்கள். அடுத்த வீடு அமையவில்லை. தாயும் தங்கையும் பாட்டி வீட்டில். அவன் மட்டும் பள்ளிக்கு அருகில் அத்தையின் அடுக்குமாடி வீட்டில். தந்தை லாரி ஓட்டுநர். எங்கே உறங்குகிறார் என்று அவனுக்கே தெரியவில்லை. 'நாங்க கேட்டா மட்டும் வீடு இல்லன்னு சொல்றாங்க' என்று அப்பா சொன்னாராம்.

அந்தச் சொற்கள் அன்று முழுவதும் என்னை விட்டு அகலவில்லை. காரணத்தைச் சொல்வதென்றால், சற்றுத் தொலைவிலிருந்து தொடங்க வேண்டும், புதுடில்லியிலிருந்து.

என் கணவர் வெளியுறவுத் துறையில் பணியாற்றியவர். 2009-ஆம் ஆண்டு, இரண்டாம் செயலாளராகப் புதுடில்லியில் உள்ள நம் நாட்டுத் தூதரகத்திற்கு அனுப்பப்பட்டார். நான் ஊதியமில்லா விடுப்பு எடுத்துக்கொண்டு மகளுடன் உடன் சென்றேன். தூதரக அதிகாரி என்றால் மாளிகையும் தோட்டமும் காத்திருக்கும் என்று என் சக ஆசிரியர்கள் கேலி செய்தனர். தூதருக்கு அப்படி இருக்கலாம். எங்களைப் போன்றோருக்கு வாடகைக்கு ஓர் உச்சவரம்பு வகுத்து, அதற்குள் வீடு தேடிக்கொள்ளுமாறு சொல்வார்கள். அதுவரை விருந்தினர் விடுதியில் மூன்று பெட்டிகளும் ஒரு சோறு சமைக்கும் மின்கலமும் எங்கள் குடும்பம்.

வீடு தேடுவது என்றதுமே எனக்கு வயிற்றைக் கலக்கியது. அதற்கும் ஒரு பழங்கதை உண்டு.

2001-இல் கெடாவிலிருந்து தலைநகருக்கு மாற்றலாகி வந்தபோது நானும் கணவரும் நாளிதழ் விளம்பரங்களைப் பார்த்து வீடு தேடினோம். தொலைபேசியில் நான்தான் பேசுவேன். வாடகை, முன்பணம் எல்லாம் இனிமையாகச் சொல்வார்கள். இறுதியில் என் பெயரைக் கேட்பார்கள். பெயரைச் சொன்னதும் ஒரு சிறு மௌனம். பிறகு, "வீடு போய்விட்டது." மறுநாள் அதே விளம்பரம் அதே நாளிதழில் வரும். ஒருமுறை என் சீனத் தோழி ஒருத்தி அதே எண்ணுக்கு அழைத்தாள். வீடு இருந்தது, மாலையே வந்து பார்க்கலாம் என்றார்கள். பின்னர் செந்தூலில் உறவினர் வீட்டின் பின்னறையில் ஏழு மாதங்கள் இருந்தோம். நான் பயிற்சி பெற்ற ஆசிரியை, கணவர் அரசு அதிகாரி. எங்களுக்கே அந்த நிலை.

ஆகவே டில்லியில் முதல் நாள் வீட்டுத் தரகரோடு கிளம்பியபோது, பெயரைக் கேட்டால் என்ன செய்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். அந்த ஊரில் தரகரைப் 'பிராப்பர்ட்டி டீலர்' என்பார்கள். அவர் எங்கள் பெயரைச் சொல்லவே இல்லை. ஒவ்வொரு வாசலிலும் அவர் சொன்ன சொல் ஒன்றே: "டிப்ளமேட்."

அந்தச் சொல்லுக்கு என்ன வலிமை! வசந்த விகார், ஆனந்த நிகேதன், சாந்தி நிகேதன் என்று தென்டில்லியின் வசதியான குடியிருப்புகளில் கதவுகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்தன. தேநீர் வந்தது, பிஸ்கட்டு வந்தது. குளியலறைக் குழாயைத் திறந்து காட்டினார்கள். கோடையில் தண்ணீர் குறைந்தால் லாரித் தண்ணீர் வரவழைப்போம், மின்சாரம் நின்றால் ஜெனரேட்டர் உண்டு என்று நாங்கள் கேட்குமுன்பே சொன்னார்கள். பிள்ளைகளோடு வீடு வீடாக ஏறியிறங்கிப் பழகிய எனக்கு, வீட்டுக்காரர் நம்மை விரும்பி அழைப்பது கனவு போலிருந்தது.

ஏன் இந்த விருப்பம் என்று பின்னர் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். முதலாவது, வாடகை தவறாது. அரசாங்கம் கொடுக்கிறது, பல மாத வாடகையை மொத்தமாக முன்கூட்டியே கேட்டு வாங்கும் வழக்கமும் அங்கு உண்டு. இரண்டாவது காரணம்தான் எனக்கு வியப்பளித்தது. 1958-ஆம் ஆண்டின் டில்லி வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் குடியிருப்போருக்குப் பெரும் பாதுகாப்பு அளித்தது. வாடகையை எளிதில் ஏற்ற முடியாது. ஆளையும் எளிதில் எழுப்ப முடியாது. 1988-இல் வந்த திருத்தம், மாதம் 3,500 ரூபாய்க்கு மேற்பட்ட வாடகையை அச்சட்டத்திலிருந்து விலக்கியது. ஆனாலும், குடிவந்தவன் போகவே மாட்டான் என்ற அச்சம் வீட்டுக்காரர்களிடம் தலைமுறையாக ஊறிவிட்டது. தூதரக அதிகாரியோ மூன்று ஆண்டுகளில் பெட்டியைக் கட்டிவிடுவார். எங்களிடம் அவர்கள் கண்ட பெருஞ்சிறப்பு, நாங்கள் போய்விடுவோம் என்பதே.

சட்டத்தின் கதை இன்னும் சுவையானது. தூதரக உறவுகள் பற்றிய 1961-ஆம் ஆண்டு வியன்னா ஒப்பந்தத்தில் வீட்டைப் பற்றியே தனி விதிகள் உள்ளன. தூதரகங்கள் தம் பணியாளருக்குத் தகுந்த வீடு பெறத் தேவைப்பட்டால், அந்நாட்டு அரசு உதவ வேண்டும் என்கிறது 21-ஆவது விதி. தூதரக அதிகாரி வாழும் தனி வீடும் தூதரகக் கட்டடத்தைப் போலவே மீற முடியாத பாதுகாப்புடையது என்கிறது 30-ஆவது விதி. எங்கள் வாடகை ஒப்பந்தத்தில் மற்றொரு விதியும் இருந்தது. அரசாங்கம் திடீரெனத் திரும்ப அழைத்தாலோ வேறு நாட்டுக்கு மாற்றினாலோ, முன்னறிவிப்பு கொடுத்துவிட்டு அபராதமின்றி வீட்டைக் காலி செய்யலாம். இதற்கு 'டிப்ளமேட்டிக் கிளாஸ்' என்று பெயர். சிங்கப்பூரில் உள்ள அன்பர்கள் இப்பெயரைக் கேட்டிருப்பீர்கள். வெளிநாட்டிலிருந்து வேலைக்கு வந்தவர்களின் ஈராண்டு ஒப்பந்தங்களில், ஓராண்டு கழிந்தபின் இரண்டு மாத முன்னறிவிப்போடு விலக இவ்விதி இடம் தருவது அங்கு வழக்கம். தூதரகத்தைக் கண்ணால் பார்த்திராதவரும் அந்தப் பெயரின் நிழலில் ஒதுங்கலாம்.

இறுதியில் வசந்த விகாரில் ஒரு முதல் மாடி வீடு அமைந்தது. கீழ்த்தளத்தில் வீட்டுக்காரர்கள். கணவர் ஓய்வுபெற்ற உயரதிகாரி. மனைவிக்கு அறுபத்தைந்து வயதிருக்கும். ஆன்ட்டி என்றே அழைத்தேன். அன்பானவர். குளிர்காலத்தில் கேரட் அல்வா செய்து என் மகளுக்கு அனுப்புவார். மொட்டை மாடியில் ஒற்றை அறையும் குளியலறையும் கொண்ட 'பர்சாத்தி' ஒன்று இருந்தது. மழை என்னும் சொல்லிலிருந்து பிறந்த பெயர். அந்த அறை அடிக்கடி காலியாக இருக்கும்.

எங்கள் வீட்டிலிருந்து அதிகத் தொலைவில்லை இராமகிருஷ்ணபுரம். அங்கே குன்றின்மேல் மலை மந்திர் என்னும் முருகன் கோயில். 1973-இல் குடமுழுக்குக் கண்டது. டில்லித் தமிழ்ச் சங்கமும் அப்பகுதியில்தான். வெள்ளிக்கிழமைகளில் கோயிலுக்குப் போனால் நம் ஊர் கோயிலுக்கு வந்தாற்போலிருக்கும். டில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தார் அப்போது அந்நகரில் ஏழு பள்ளிகள் நடத்திவந்தனர் என்று அங்குதான் அறிந்தேன். தமிழ்ப்பள்ளி ஆசிரியைக்கு வேறென்ன வேண்டும்? அனுமதி பெற்று ஒரு பள்ளிக்குச் சென்று வந்தேன். இந்தியும் ஆங்கிலமும் சூழ்ந்த ஊரில் பிள்ளைகள் தமிழ் எழுத்தைக் கூட்டிப் படிப்பதைக் கேட்டபோது கண் கலங்கியது.

கோயிலில் பழக்கமானவள் ஓர் இளம் ஆசிரியை. திருநெல்வேலிப் பக்கம். இருபத்தாறு வயது, திருமணமாகாதவள். முனீர்க்காவில் குறுகிய சந்தில், சன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுச் சுவரில் கை படும் ஓர் அறையில் வேறு இரு பெண்களுடன் தங்கியிருந்தாள். ஒரு நாள், "அக்கா, உங்க வீட்டு மாடியில அறை காலியா இருக்குன்னு சொன்னீங்களே, எனக்காகக் கேட்டுப் பாருங்களேன்" என்றாள். வாடகையையும் தன்னால் கொடுக்க முடியும் என்றாள். எனக்கும் மகிழ்ச்சி. மாலையில் தமிழ் பேச ஓர் ஆள் கிடைப்பாள்.

ஆன்ட்டியிடம் கேட்டேன். அவர் முகம் மாறவில்லை. சிரித்துக்கொண்டேதான் பதில் சொன்னார். தனியாக இருக்கும் பெண்கள் வேண்டாமாம். யார் வருகிறார், யார் போகிறார் என்று பார்த்துக்கொண்டிருக்க முடியாதாம். அதோடு, தென்னிந்தியச் சமையல், தாளிக்கும் நெடி. சென்ற ஆண்டு மணிப்பூரிலிருந்து இரு பெண்கள் கேட்டு வந்தார்களாம். அவர்களையும் வாசலிலேயே அனுப்பிவிட்டாராம்.

"ஆன்ட்டி, நானும் தமிழ்ப்பெண்தானே? நானும் தாளிக்கிறேனே?" என்றேன், விளையாட்டாகச் சொல்வதுபோல்.

அவர் என் கையைத் தட்டிக்கொடுத்தார். "நீ வேறு, மகளே. நீங்கள் டிப்ளமேட்."

நான் அத்துடன் நிறுத்திக்கொண்டேன். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டிய மாதம் நெருங்கிக்கொண்டிருந்தது. மகள் பள்ளியில் காலூன்றி, தோழிகள் சேர்ந்திருந்தனர். மறுபடியும் வீடு தேட எனக்குத் தெம்பில்லை. இப்படியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அடுத்த வெள்ளிக்கிழமை அந்தப் பெண்ணிடம், "அறை போய்விட்டதும்மா" என்றேன். அவள் நம்பினாளா என்று தெரியாது. "பரவாயில்லக்கா" என்று சொல்லி, பிரசாதத்தில் பாதியை என் மகளுக்குக் கொடுத்துவிட்டுப் போனாள்.

இதோடு முடிந்திருந்தால், வட இந்தியரின் ஓரவஞ்சனை என்று ஒரு கட்டுரை எழுதி ஆறுதல் அடைந்திருப்பேன். ஆனால் முடியவில்லை.

கிள்ளானில் எங்களுக்குச் சொந்தமாக ஒரு தரைவீடு உண்டு. 2005-இல் அரசாங்க வீட்டுக் கடனில் வாங்கியது. டில்லி புறப்படும்போது அதை வாடகைக்கு விடும் பொறுப்பை ஒரு பெண் முகவரிடம் ஒப்படைத்திருந்தோம். 2010-ஆம் ஆண்டு இறுதியில் குடியிருந்தவர்கள் காலி செய்தனர். ஒரு மாதம் வீடு பூட்டிக் கிடந்தது. முகவர் டில்லிக்கே தொலைபேசியில் அழைத்தார்.

"டீச்சர், ஒரு குடும்பம்தான் கேட்டு வந்தாங்க. இந்தியக் குடும்பம். நீங்கதான் இந்தியர் வேண்டாம்னு சொல்லியிருந்தீங்களே, அதனால வீடு போயிடுச்சுன்னு சொல்லிட்டேன். ஆனா இன்னும் காலியாவே கிடக்கே, என்ன செய்யலாம்?"

ஆம், அன்பர்களே. சொன்னது நான்தான். புறப்படும் அவசரத்தில் முகவர், "எந்த ஆளுக்குக் கொடுக்கலாம்?" என்று கேட்டபோது, "யாராயிருந்தாலும் சரி, நம்மவர்கள் மட்டும் வேண்டாம், வாடகை ஒழுங்காக வராது, பிறகு கேட்கவும் முடியாது" என்று நானே சொல்லியிருந்தேன். சொன்னதே மறந்துபோயிருந்தது. 2001-இல் என் காதில் விழுந்த அதே சொற்களை, என் பெயரால், என் வீட்டு வாசலில், முகமறியாத ஒரு குடும்பத்துக்குச் சொல்லியாயிற்று.

அந்தக் குடும்பத்தைத் திரும்ப அழைக்கச் சொன்னேன். அவர்கள் எண்ணை முகவர் குறித்து வைத்திருக்கவில்லை.

என் தந்தையார் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். நாங்கள் பிறந்து வளர்ந்தது லயத்து வீட்டில். வேலை இருக்கும்வரை வீடு. 1990-களில் தோட்டம் விற்கப்பட்டு வீடமைப்புத் திட்டம் வந்தபோது, நாற்பதாண்டு வாழ்ந்த வீட்டிலிருந்து அப்பா ஓர் இரும்புப் பெட்டியோடு வெளியேறினார். டில்லியில் எங்கள் வீடும் வேலையோடு கட்டிய வீடுதான். ஆனால் அப்பாவுக்காக எந்த ஒப்பந்தத்திலும் எந்த விதியும் எழுதப்பட்டிருக்கவில்லை. அவர் வாடகை வீடு தேடி அலைந்த அந்தச் சில மாதங்களில் நான் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி விடுதியில் இருந்தேன். அப்பா எத்தனை கதவுகளைத் தட்டினார் என்று கேட்டதே இல்லை. அவர் இப்போது இல்லை.

2011-இல் அந்த வீட்டை ஓர் இந்தியக் குடும்பத்துக்கே வாடகைக்கு விட்டோம். இதனால் எனக்கு மாலை சூட்ட வேண்டியதில்லை. நடந்ததை உள்ளபடியே சொல்கிறேன். முதலாண்டு வாடகை மாதம் தவறாமல் வந்தது. இரண்டாம் ஆண்டில் அந்த வீட்டுத் தலைவருக்கு வேலை போயிற்று. மூன்று மாத வாடகை நின்றது. பிறகு சிறுகச் சிறுகக் கட்டி முடித்தார்கள். போகும்போது சமையலறைத் தொட்டியில் ஒரு விரிசல் இருந்தது. அதற்கு முன்பு இருந்தவர்கள் வேற்றினத்தார். அவர்கள் இரண்டு மாத மின்கட்டணத்தைக் கட்டாமல் போயிருந்தனர். அதற்காக அந்த இனத்தாரே வேண்டாம் என்று ஏனோ எனக்குத் தோன்றவில்லை.

வீடு வைத்திருக்கும் பெற்றோர்களும் ஆசிரியர்களும் இதைப் படிக்கக்கூடும். உங்கள் அச்சம் பொய்யென்று சொல்ல மாட்டேன். கடன் கட்டி வாங்கிய வீடு. வாடகை நின்றால் நம் கழுத்தில்தான் கயிறு. ஆயினும் அச்சத்துக்கு மருந்து வேறு உண்டு. சம்பளச் சீட்டைக் கேளுங்கள். முன்பு குடியிருந்த வீட்டுக்காரரின் எண்ணை வாங்கிப் பேசுங்கள். ஒப்பந்தம் எழுதி முத்திரைத் தீர்வை செலுத்துங்கள். குடிவருமுன் வீட்டைப் படம் பிடித்து இருவரும் கையொப்பமிடுங்கள். வந்தவரின் பெயரைக் கேட்டவுடன் அழைப்பைத் துண்டிப்பதைவிட இவையெல்லாம் நம் பணத்தை நன்றாகவே காக்கும்.

வாடகைக்கு வருவோரின் சுமையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். நம் நாட்டு வழக்கப்படி இரண்டு மாத வாடகை முன்பணம், தண்ணீர் மின்சாரத்துக்கு அரை மாதம், முதல் மாத வாடகை என மொத்தம் மூன்றரை மாத வாடகையைக் கையில் வைத்துக்கொண்டுதான் ஒரு குடும்பம் கதவைத் தட்ட முடியும். ஆயிரம் வெள்ளி வாடகை வீட்டுக்கு 3,500 வெள்ளி. பழைய வீட்டின் முன்பணம் திரும்பி வருமுன் இதைப் புரட்டியாக வேண்டும். இடையிலுள்ள அந்த நாள்களில்தான் பிள்ளைகள் பாட்டி வீட்டுக்கும் அத்தை வீட்டுக்கும் பிரிகிறார்கள்.

சக ஆசிரியர்களுக்கும் ஒரு சொல். பாடநூல் கொண்டு வராத பிள்ளை, கசங்கிய சீருடையோடு வரும் பிள்ளை, திடீரென்று மூன்று நாள் வராமல் போகும் பிள்ளை. தண்டிக்குமுன் ஒருமுறை, எங்கே தங்கியிருக்கிறாய் என்று தனியாக அழைத்துக் கேளுங்கள். இருபதாண்டுகளுக்கு மேல் ஆசிரியத் தொழிலில் இருந்தும், இந்தக் கேள்வியை அண்மைக் காலமாகத்தான் கேட்கப் பழகியிருக்கிறேன்.

டில்லியில் சாணக்கியபுரி என்று தூதரகங்களுக்கென்றே 1950-களில் உருவாக்கிய பகுதி ஒன்று உண்டு. அங்குள்ள சாலைகளுக்குச் சத்திய மார்க், நியாய மார்க், சாந்தி பத் என்று பெயர். வாய்மை, நீதி, அமைதி. அந்த அகன்ற சாலைகளில் மகிழுந்தில் போகும்போதெல்லாம், பெயர்கள் எவ்வளவு அழகு என்று மகளுக்குப் பொருள் சொல்லிக்கொண்டு போவேன். அறை போய்விட்டது என்று அந்தப் பெண்ணிடம் பொய் சொல்லிவிட்டுத் திரும்பிய நாளிலும் அவ்வழியாகத்தான் வந்தோம். அன்று மகள் ஏதோ கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை.

எங்கள் வகுப்பு மாணவனுக்கு வருவோம். "எந்த வீட்ட எழுதுறது, டீச்சர்?" என்று கேட்டவனிடம், "இன்னைக்கு ராத்திரி உன் புத்தகப்பை எங்க இருக்குமோ, அந்த வீட்ட எழுதுய்யா. மாறினா என்கிட்ட சொல்லு, மாத்திக்கலாம்" என்றேன். பென்சிலால் எழுதட்டுமா என்று கேட்டான். எழுது என்றேன். அத்தை வீட்டு மாடி எண்ணையும் கதவு எண்ணையும் மெதுவாக எழுதினான்.

மாலையில் அவன் தந்தைக்கு அழைத்தேன். கிள்ளான் வீட்டில் இப்போது ஆள் இருக்கிறார்கள். வேறு இரண்டு ஆசிரியர்களிடம் காலி வீடு இருப்பது தெரியும். இருவரிடமும் பேசுவதாகச் சொல்லியிருக்கிறேன். ஒருவர் முதல் கேள்வியாக, "எந்த ஆளு, டீச்சர்?" என்றார். "என் மாணவனின் குடும்பம்" என்று மட்டும் சொன்னேன். வந்து பார்க்கட்டும் என்றிருக்கிறார். இந்த ஞாயிற்றுக்கிழமை போகிறார்கள்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியை